ரூ.5,310: ஒரு மாநிலத்தின் செலவை எண்ணிய விதம்

2024 பிப்ரவரி 24 அன்று ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் சுருக்கமான ஓர் அறிக்கையை வெளியிட்டது. வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு 2022-23இன் முதல் முடிவுகள் அதில் இருந்தன. 2011-12க்குப் பிறகு இந்தியக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற அதிகாரபூர்வக் கணக்கு வெளியே வருவது அதுதான் முதல் தடவை. தமிழ்நாட்டுக்கு நேராக இரண்டு எண்கள்: கிராமத்தில் தலைக்கு மாதம் ரூ.5,310, நகரத்தில் ரூ.7,630. அகில இந்திய சராசரி ரூ.3,773, ரூ.6,459. கேரளம் ரூ.5,924, ரூ.7,078. பெரிய மாநிலங்களில் அடியில் நின்ற சத்தீஸ்கர் ரூ.2,466, ரூ.4,483.

இப்படி ஒரு பட்டியல் வந்தால் உடனே யார் முதலிடம், யார் கடைசி என்ற பேச்சு தொடங்கிவிடும். அதில் தப்பில்லை. ஆனால் 5,310 என்பதை யாரும் எந்தக் கல்லாவிலிருந்தும் எண்ணி எடுக்கவில்லை. கேள்வி கேட்டு, பதிலுக்கு எடை போட்டு, இலவசத்துக்கு விலை வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்து, இன்னார் இந்த ஊர்க்காரர் என்று தீர்மானித்துக் கட்டிய எண் அது. இவற்றில் ஒரு முடிவை மாற்றினால் எண்ணும் மாறும். தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டு, அந்த முடிவுகள் எவை, எங்கே அவை வலுவானவை, எங்கே ஆட்டம் காண்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

யாருக்கு வேண்டும் இந்தக் கணக்கு?

2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் ஜிஎஸ்டிக்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா நிறைவேறியபோது அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அவர்கள் சொன்ன வாதம் எளிது: தமிழ்நாடு பொருளை உற்பத்தி செய்யும் மாநிலம், புதிய வரியோ பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும், அதனால் நமக்கு இழப்பு.

வாதம் சரியா தப்பா என்று சொல்ல ஒரே ஒரு தகவல் போதும். நாட்டின் மொத்த நுகர்வில் தமிழ்நாட்டின் பங்கு என்ன? உற்பத்தியில் பங்கு என்ன என்பது ஒவ்வோர் ஆண்டும் மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியாக வருகிறது. நுகர்வில் பங்கு என்ன என்பதற்கு அப்படி வழக்கமாக வெளியாகும் கணக்கு கிடையாது. அந்த நேரத்தில் கையில் இருந்தது 2011-12 குடும்ப ஆய்வு மட்டும்தான். இவ்வளவு பெரிய வரிமாற்றத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற சண்டை நடந்தது அந்தப் பழைய ஆய்வையும் ஊகங்களையும் வைத்துத்தான்.

மேலிருந்து ஒரு வழி, கீழிருந்து ஒரு வழி

ஒரு நாட்டின் நுகர்வை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். முதல் வழி பொருளின் பின்னால் போவது. நாட்டில் எவ்வளவு சர்க்கரை உற்பத்தியானது? அதோடு இறக்குமதியைக் கூட்டு, ஏற்றுமதியைக் கழி. மிட்டாய் ஆலைக்கும் குளிர்பான ஆலைக்கும் போனதைக் கழி, அரசு வாங்கியதைக் கழி, கிடங்கில் கூடிய இருப்பைக் கழி. மிச்சம் இருப்பதைக் குடும்பங்கள்தான் தின்றிருக்க வேண்டும். தேசியக் கணக்கில் வரும் ‘தனியார் இறுதி நுகர்வுச் செலவு’ பெரும்பாலும் இப்படி வந்த மிச்சம்தான். யார் தின்றார்கள், ஏழையா பணக்காரரா, திருநெல்வேலியா திருப்பூரா என்று அதற்குத் தெரியாது.

நாட்டுக்கு இந்த வழி ஒத்துவரும். காரணம், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்க அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். மாநிலத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஓசூர் தாண்டி கர்நாடகத்துக்குள் போகும் லாரியில் எவ்வளவு சர்க்கரை, திரும்பி வரும் லாரியில் எவ்வளவு துவரம்பருப்பு என்பதற்கு முழுமையான ஏடு எதுவும் இல்லை. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்திலும் அவை வரிக்காக இருந்தவையே, புள்ளிவிவரத்துக்காக அல்ல. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அவையும் போயின. 2018 ஏப்ரலில் வந்த மின்வழி ரசீது (இ-வே பில்) லாரியின் சரக்கைப் பதிவு செய்கிறது. ஆனால் அந்தச் சரக்கு கடைசியில் வீட்டுக்குப் போனதா ஆலைக்குப் போனதா என்பதை அதிலிருந்து பிரித்தெடுப்பது தனி வேலை.

எனவே மாநிலத்துக்கு மிஞ்சுவது இரண்டாவது வழி: கதவைத் தட்டிக் கேட்பது. 1950இல் புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் தொடங்கிவைத்த தேசிய மாதிரி ஆய்வு அதைத்தான் செய்துவருகிறது. 2022-23 ஆய்வில் 8,723 கிராமங்கள், 6,115 நகர வட்டாரங்கள், மொத்தம் 2,61,746 வீடுகள். ஒவ்வொரு வீடும் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பதில் சொல்கிறது.

இரண்டு வழியிலும் ஒரே விடை வரவேண்டும் இல்லையா? வருவதில்லை. 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தேசியக் கணக்கில் 2022-23க்கான தனியார் நுகர்வு சுமார் 164 லட்சம் கோடி ரூபாய். அதை ஏறத்தாழ 138 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். ஆய்வின் கிராமச் சராசரியையும் நகரச் சராசரியையும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தால் 4,700 ரூபாய் தாண்டாது. பாதிகூட இல்லை. 1970களின் கடைசியில் இந்த இடைவெளி பத்து சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது.

இடைவெளியில் ஒரு பகுதி நியாயமானது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகத் தேசியக் கணக்கு ஒரு தொகையைச் சேர்க்கும். குடும்ப ஆய்வின் செலவுத் தொகையில் அது வராது. வங்கிகள் வட்டி வித்தியாசத்தில் எடுத்துக்கொள்ளும் கட்டணம், தொண்டு நிறுவனங்களின் செலவு ஆகியவையும் அந்தப் பக்கம் மட்டும்தான். இவற்றைக் கழித்த பிறகும் பெரிய பள்ளம் இருக்கிறது. பணக்காரர் வீட்டுக் கதவு எளிதில் திறப்பதில்லை. திறந்தாலும் முழுச் செலவும் வெளியே வருவதில்லை. இன்னொரு பக்கம், மிச்சமாகக் கணக்கிடப்படும் தேசிய எண்ணில் எல்லாப் பிழையும் வந்து சேர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் அதிகத் தப்பு என்று அரை நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது.

மாநிலக் கணக்குக்கு இந்தச் சண்டை ஏன் முக்கியம்? முன்பு திட்டக் கமிஷன் ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. ஆய்வு காட்டும் செலவைத் தேசியக் கணக்கோடு பொருந்தும் வரை எல்லா மாநிலத்துக்கும் ஒரே விகிதத்தில் உயர்த்திவிடுவது. அப்படிச் செய்தால் பீகாரில் விடுபட்டதும் தமிழ்நாட்டில் விடுபட்டதும் ஒரே அளவு என்று ஆகிவிடும். 1993இல் லக்டாவாலா தலைமையிலான நிபுணர் குழு இதைக் கைவிடச் சொன்னது. என் பார்வையில் அது சரியான முடிவு. விடுபடுவது எங்கும் ஒரே சீராக விடுபடாது. குறிப்பாக கார்களும் தனியார் பள்ளிகளும் அதிகம் உள்ள மாநிலத்தில்.

எத்தனை நாள் பின்னோக்கிக் கேட்பது?

இப்போது வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் வருவோம். வீட்டில் சமைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: போன வாரம் எவ்வளவு தக்காளி வாங்கினீர்கள்? கிட்டத்தட்ட சரியாகச் சொல்வார். போன மாதம் எவ்வளவு? வாரத்தை நாலால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். மறதி ஒரு பக்கம் இழுக்கும். அதற்கு முந்தின வாரம் வாங்கியதையும் இந்த வாரத்தோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் மறுபக்கம் இழுக்கும்.

1950களில் சில சோதனைகள் செய்துபார்த்துவிட்டு 30 நாள் என்று தேசிய மாதிரி ஆய்வு நிலைகொண்டது. தட்டில் விழும் சோற்றை எடை போட்டுப் பார்த்த வீடுகளில் மாதக் கணக்குதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பது அப்போது சொன்ன காரணம். நாற்பது ஆண்டு அப்படியே ஓடியது. 1990களின் நடுவில் மறுபடியும் சோதனை. பாதி வீடுகளில் பழையபடி 30 நாள். மறுபாதியில் உணவுக்கு 7 நாள், துணி, செருப்பு, பாத்திரம் போன்றவற்றுக்கு 365 நாள். புதிய கேள்வித்தாளில் செலவு கணிசமாகக் கூடியது. வறுமைக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே கொத்துக் கொத்தாக மக்கள் நின்றிருந்ததால், அந்தச் சிறு உயர்வே ஏழைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் அளவுக்கு இருந்தது. யாருக்கும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கிடைக்கவில்லை. கேள்விதான் மாறியது.

அடுத்து 1999-2000இல் நடந்தது இன்னும் வேடிக்கை. 7 நாள் தரப்புக்கும் 30 நாள் தரப்புக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, ஒரே வீட்டில் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உணவுக்கு 7 நாளும் கேட்டார்கள், 30 நாளும் கேட்டார்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் மனதில் நிற்கும்போதே அடுத்த கேள்வி வந்தால் யாரும் இரண்டையும் பொருத்தித்தான் சொல்வார்கள். 1993-94இல் 36 சதவீதம் இருந்த வறுமை 26.1 சதவீதம் என்று வந்தது. அந்த வீழ்ச்சியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாளின் கைங்கரியம் என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டு எழுதித் தள்ளினார்கள்.

பிறகு ஒரு கலவை நிலைத்தது. காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய், மசாலா, பலகாரம் ஆகியவற்றுக்கு 7 நாள். அரிசி, பருப்பு, பால், கரண்ட் பில், பஸ் கட்டணத்துக்கு 30 நாள். துணி, கல்விக் கட்டணம், ஆஸ்பத்திரியில் படுத்த செலவு, டிவி, ஃபிரிட்ஜுக்கு 365 நாள். நம்முடைய 5,310 இந்தக் கலவையில் வந்தது.

நடுவில் 2017-18 ஆய்வு ஒன்று உண்டு. அதன் முடிவு 2019 நவம்பரில் பத்திரிகையில் கசிந்தது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் சராசரிச் செலவு 2011-12இல் இருந்த ரூ.1,501இலிருந்து ரூ.1,446ஆகக் குறைந்திருந்தது. தரவின் தரம் சரியில்லை, அரசின் மற்றப் பதிவேடுகளோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி அமைச்சகம் அதை வெளியிடாமலே விட்டது. ஒத்துப்போகவில்லை என்பது வெளியிடாமல் இருக்கக் காரணம் ஆகாது என்பது என் கட்சி. இந்த ஆய்வு தேசியக் கணக்கோடு எப்போதுதான் ஒத்துப்போனது? வெளியிட்டுவிட்டு ஏன் இப்படி என்று விவாதித்திருக்கலாம். வெளியிடாததால், தமிழ்நாடு உட்பட எல்லா மாநிலத்துக்கும் நடுவில் பத்தாண்டு வெற்றிடம் விழுந்துவிட்டது. சில்லறை விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கு 45.86 சதவீத எடை என்று 2011-12 அடுப்படியை வைத்தே பத்தாண்டுக்கு மேல் பணவீக்கம் கணக்கிட்டதும் இதன் விளைவுகளில் ஒன்று.

2022-23இல் கேட்கும் முறையும் மாறியது. பழைய ஆய்வில் ஒரே உட்காரலில் எல்லாக் கேள்வியும். இந்த முறை கேள்விகளை உணவு, அன்றாடப் பொருளும் சேவையும், நீடித்துழைக்கும் பொருள் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று மாதம் மூன்று தடவை போய், டேப்லெட்டில் பதிந்தார்கள். பொருட்களின் எண்ணிக்கை 347இலிருந்து 405. நகரங்களில் வசதியான வீடு விட்டுப்போகாமல் இருக்க, கார் இருக்கிறதா, அதன் விலை பத்து லட்சத்துக்கு மேலா கீழா என்று முதலில் பார்த்து, அந்த வகைகளிலிருந்து தனித்தனியாக வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாமே முன்னேற்றம்தான். ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘இவ்வளவு வளர்ச்சி’ என்று சொல்லும்போது, அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு, களைப்பில்லாமல் பதில் சொன்னதால் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ரேஷன் அரிசிக்கு என்ன விலை?

தமிழ்நாட்டுக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. 2011 ஜூன் 1 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசி இலவசம். நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் 20 கிலோ வாங்கி அதையே பொங்கிச் சாப்பிட்டால், அவர்களின் அரிசிச் செலவு என்ன? பையைப் பொறுத்தவரை பூஜ்யம். வயிற்றைப் பொறுத்தவரை 20 கிலோ. கிலோ 25 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 500, தலைக்கு 125.

ஆய்வு இரண்டு விடையும் தருகிறது. பரவலாகச் சொல்லப்படும் 5,310இல் இலவசத்துக்கு மதிப்பு பூஜ்யம். இன்னொரு வரிசையில், நலத்திட்டங்கள் வழியாக இலவசமாக வந்த தானியத்துக்கும், மடிக்கணினி, மிதிவண்டி, செல்பேசி, சீருடை, பள்ளிக் காலணி போன்றவற்றுக்கும் விலை வைத்துச் சேர்த்தார்கள். எந்த விலை? அதே பொருளை மற்றவர்கள் வாங்கியதில் அதிகம் தென்பட்ட விலை. மாற்றுக் கணக்காக, விலைகளை ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து கால்பங்கில் நிற்கும் விலை. ரேஷன் அரிசியை வெளிச்சந்தை பொன்னி விலைக்கு மதிப்பிட முடியாது என்ற தயக்கம் அந்த இரண்டாவது வழியில் தெரிகிறது.

அகில இந்திய அளவில் இந்த மாற்றம் கிராமச் சராசரியை ரூ.3,773இலிருந்து ரூ.3,860 ஆக்குகிறது. சிறிய தொகைதான். ஆனால் கிராமத்தில் கடைசி ஐந்து சதவீத மக்களுக்கு ரூ.1,373 என்பது ரூ.1,441 ஆகிறது. 68 ரூபாய் அங்கே பெரிய விஷயம்.

இதில் ஒரு கோணல் உண்டு. முழு இலவசமாக வந்தால்தான் சந்தை விலை ஏறும். கிலோ மூன்று ரூபாய்க்குக் கிடைத்த ரேஷன் அரிசி மூன்று ரூபாயாகவே நிற்கும். ஆய்வு நடந்தது 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை. ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்ட அரிசி 2023 ஜனவரியில் முழு இலவசமானது. ஆக, ஒரு வடமாநிலக் குடும்பம் டிசம்பரில் மூன்று ரூபாய்க்கு வாங்கிய அரிசியும் ஜனவரியில் சும்மா வாங்கிய அரிசியும் ஒன்றே என்றாலும், இந்த இரண்டாம் வரிசையில் ஜனவரியில் அந்த அரிசியின் மதிப்பு கூடியதாகத் தெரியும். பத்தாண்டுக்கு மேலாகவே இலவசம் கொடுக்கும் தமிழ்நாட்டில் அந்தத் தாவல் இராது. இரு மாநிலங்களை ஒப்பிடும்போது இது இடிக்கும்.

பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகளுக்கு இந்த மதிப்பிடலே கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவரின் செலவு போகவர ஆன பஸ் காசும் பழமும்தான். தனியாரில் பார்த்தவருக்கு அது பெரிய தொகை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் எடுத்த காலத்தில் பயணச் செலவாக ஏறியது இப்போது ஏறாது. மிச்சமான காசை வேறெதிலாவது செலவழித்தால்தான் மொத்தம் பழையபடி நிற்கும். அரசு அதிகம் செய்யும் மாநிலம் செலவுப் பட்டியலில் உள்ளதைவிடக் கீழே நிற்கக் கூடும் என்பதை 5,310ஐப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

செலவு யாருடையது?

தி.நகரில் பட்டுப்புடவை எடுக்க நெல்லூரிலிருந்து வருகிறார்கள். வேலூர் மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ரயிலாக வருகிறார்கள். காசு விழுவது தமிழ்நாட்டில். குடும்ப ஆய்வில் அது ஏறுவது அவர்கள் வசிக்கும் ஊரில். ஆய்வு வசிப்பிடத்தைப் பார்க்கிறது. கடையின் கல்லாவைப் பார்ப்பதில்லை. மாநில உற்பத்திக் கணக்கோ மருத்துவமனையின் வருமானத்தை வேலூரிலேயே வைத்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டிக்கழித்து ‘தமிழ்நாடு உற்பத்தி செய்ததில் இவ்வளவைத் தின்றது’ என்று சொல்லப் புறப்பட்டால் கணக்கு உதைக்கும்.

அமெரிக்காவில் இந்தத் தலைவலிக்கு ஒரு பிரபலமான மாநிலம் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரி இல்லை. பக்கத்து மாசசூசெட்ஸ்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். கடை விற்பனையை மட்டும் பார்த்தால் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் மகா செலவாளிகள் போலத் தெரியும். அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் 2015 முதல் மாநிலவாரி நுகர்வுச் செலவை அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. அவர்கள் தொடங்குவது குடும்பத்திலிருந்து அல்ல, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொருளாதாரக் கணக்கெடுப்பின் கடை விற்பனையிலிருந்து. பிறகு எல்லை தாண்டி வாங்கியது, சுற்றுலா போய்ச் செலவழித்தது இவற்றையெல்லாம் சரிக்கட்டி, செலவை வசிப்பவரின் மாநிலத்துக்குத் திருப்புகிறார்கள். நாம் வசிப்பவரிடமிருந்து தொடங்குவதால் அந்த ஒரு வேலை மிச்சம்.

ஆனால் யார் வசிப்பவர் என்ற கேள்வி நமக்கு மிச்சமாகவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம் என்பது ஆய்வின் இலக்கணம். திருப்பூரில் ஓர் அறையில் ஆறு ஒடிசா இளைஞர்கள் சேர்ந்து பொங்கித் தின்றால் அவர்கள் தமிழ்நாட்டின் ஒரு குடும்பம். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பினால் அந்தப் பாதி தமிழ்நாட்டின் செலவில் வராது. ஊரில் அவர்களின் அம்மா அதில் மளிகை வாங்கும்போது ஒடிசாவின் செலவாகும். இங்கே அவர்கள் காட்டும் சிக்கனம் தமிழ்நாட்டுச் சராசரியை லேசாகக் கீழே இழுக்கும். கணக்கெடுப்பாளர் போகும் நேரத்தில் அவர்கள் ஷிப்டில் இருந்தால், பூட்டிய கதவாக, கணக்கிலேயே வராமலும் போகலாம்.

ஒரு குறுக்குச் சோதனை: டாஸ்மாக்

ஒரு பொருளை எடுத்து இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்த்தால் பள்ளத்தின் ஆழம் தெரியும். தமிழ்நாட்டில் அதற்கு டாஸ்மாக்கைவிடத் தோதான பொருள் இல்லை. சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு கையில், ரசீது அரசிடம்.

2022-23இல் டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது சுமார் 44,121 கோடி ரூபாய். வரி மட்டும்தான் இது. பாட்டிலின் முழு விலை இன்னும் அதிகம். மாநில மக்கள் தொகை 7.7 கோடி என்று வைத்து வகுத்தால், கைக்குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு மாதம் 475 ரூபாய்க்கு மேல் வருகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது? அகில இந்தியக் கிராமங்களில் வெற்றிலை, புகையிலை, மது எல்லாம் சேர்த்து மொத்தச் செலவில் 3.79 சதவீதம், நகரத்தில் 2.43 சதவீதம். அந்தப் பங்கைத் தமிழ்நாட்டின் எண்களில் வைத்தால் கிராமத்தில் சுமார் 200 ரூபாய், நகரத்தில் 185 ரூபாய். சரி, தமிழ்நாட்டில் பங்கு அதைப்போல் இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 400 ரூபாய். பீடி, சிகரெட், பாக்கு எல்லாவற்றையும் போட்டும் டாஸ்மாக் வரியைக்கூட எட்டவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கணக்கெடுப்பாளர் பகலில் வருகிறார். பதில் சொல்வது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண். கணவர் எவ்வளவு குடிக்கிறார் என்று அவருக்கு முழுசாகத் தெரியாது, தெரிந்தாலும் வாசலில் நிற்கும் அந்நியரிடம் சொல்ல மாட்டார். மது விஷயத்தில் குடும்ப ஆய்வு குறைத்துக் காட்டுவது பல நாடுகளிலும் உள்ளதுதான். வேறு நாடுகளில் இந்த மாதிரி இடத்தில் ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு விற்பனைப் பதிவை எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவில் மாகாண மதுக் கழகங்களின் விற்பனைக் கணக்கு நேராகப் புள்ளியியல் துறைக்குப் போகிறது.

கனடாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இந்தக் கணக்கில் காசு தொங்குகிறது. 1997 ஏப்ரல் 1 அன்று நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து ஆகிய மூன்று மாகாணங்கள் தங்கள் விற்பனை வரியை ஒன்றிய வரியோடு இணைத்தன. மொத்தம் 15 சதவீதம், வசூலிப்பது ஒன்றிய அரசு. வசூலான பொதுப் பணத்தை ரசீது ரசீதாகப் பிரிக்காமல், எந்த மாகாணத்தில் எவ்வளவு வரிக்குரிய நுகர்வு நடந்தது என்ற புள்ளிவிவர மதிப்பீட்டை வைத்துப் பிரிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். மதிப்பீடு தப்பினால் ஒரு மாகாணத்தின் பட்ஜெட்டே ஆடும். அதனால் புள்ளியியல் துறைக்குப் பணம் கொட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த குடும்பச் செலவு ஆய்வு 1997 முதல் ஆண்டுதோறும் ஆனது. தொழில் நிறுவன ஆய்வுகளை ஒன்றாக்கினார்கள். மாகாணவாரியாக எந்தப் பொருள் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற அட்டவணைகளை ஆண்டுதோறும் போடத் தொடங்கினார்கள். குடும்பம் சொன்னதும் கடை விற்றதும் அந்த அட்டவணையில் மோதும். மோதும் இடத்தில் யாரை நம்புவது என்று பொருளுக்குப் பொருள் முடிவெடுப்பார்கள்.

இந்தியாவில் ஜிஎஸ்டியைப் பிரிப்பது ரசீதில் உள்ள இடத்தை வைத்து. பணம் பிரிக்க மதிப்பீடு தேவைப்படவில்லை. அதனாலேயே மாநில நுகர்வை இரண்டு பக்கமும் மோதவிட்டுக் கணக்கிடும் அவசரம் இங்கே யாருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கிராமம் எது?

கடைசியாக, முதல் பத்தியில் ஒரு கேள்வியைத் தாண்டி வந்துவிட்டேன். கிராமத்தில் கேரளம் தமிழ்நாட்டைவிட 614 ரூபாய் மேலே. நகரத்தில் தமிழ்நாடு கேரளத்தைவிட 552 ரூபாய் மேலே. மொத்தத்தில் யார் மேலே என்று கேட்டால், கிராமத்துக்கும் நகரத்துக்கும் எத்தனை எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம், கேரளத்தில் 47.7 சதவீதம் நகரவாசிகள். அதன்பின் கணக்கெடுப்பு நடக்கவில்லை. மாதிரிக் கிராமங்களைப் பொறுக்கியதும் அந்த 2011 பட்டியலை அடிப்படையாக வைத்துத்தான்.

பன்னிரண்டு ஆண்டில் ஒரு கிராமம் என்னென்னவோ ஆகியிருக்கும். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஊராட்சியாகவே இருந்துகொண்டு அடுக்குமாடிகள் எழும்பிய ஊர்கள் எத்தனை! அங்கே ஐடி கம்பெனிக்குப் போய்வரும் ஒரு குடும்பம் மாதிரியில் விழுந்தால், அவர்களின் ஆன்லைன் ஆர்டரும் கார் தவணையும் ‘தமிழ்நாட்டுக் கிராமம்’ என்ற வரியில் சேரும். 5,310க்குள் அப்படி எவ்வளவு நகரம் கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 2023இல் டெல்லியில் இதைப் பற்றி ஒரு பெரிய வாதமே நடந்தது: பழைய பட்டியலால் ஆய்வுகள் கிராமத்தைக் கூடுதலாகக் காட்டுகின்றன என்று ஒரு தரப்பு, எடை போடும் முறையில் அதைச் சரிசெய்யலாம் என்று மறுதரப்பு.

அடுத்த ஆண்டு ஆய்வும் வந்துவிட்டது. 2023-24இல் தமிழ்நாட்டுக் கிராமம் ரூ.5,701, நகரம் ரூ.8,165. கேள்வித்தாளும் அதே, மூன்று தடவை போவதும் அதே. அதனால் முந்திய எண்ணோடு தைரியமாக ஒப்பிடக்கூடிய முதல் எண் இதுதான். கிராமப் பட்டியல் மட்டும் இன்னும் 2011தான். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் தேதி 2027 மார்ச் 1.